உடம்பின் கணக்கும் மனதின் கணக்கும்

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்பவர்களுக்கு ஏற்றம் புதிதல்ல. வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு வரவும் படி, பாடசாலை வாசலிலிருந்து வகுப்பறைக்குப் போகவும் படி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கோ நாள் முழுவதும் மலைச்சரிவுதான். ஆனாலும் "நீங்கள் உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று யாராவது கேட்டால் நம்மில் அநேகர் "இல்லை" என்றே பதில் சொல்வோம். சப்பாத்து அணிந்து மைதானத்தில் ஓடினால்தான் அது உடற்பயிற்சி, மற்றதெல்லாம் வேலை என்பது நமது எண்ணம்.

இந்த "இல்லை" என்பது வாயோடு முடிந்துவிடும் வெறும் சொல்லா? அல்லது நமது உடம்பும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறதா? உடற்பயிற்சியால் கிடைக்கும் நன்மையில் எவ்வளவு தசையின் உழைப்பால் வருகிறது, எவ்வளவு நமது எதிர்பார்ப்பால் வருகிறது என்ற கேள்வியை விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். மாணவிகளாகிய நாமும் நமது பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது.

மருந்துப்போலி என்றால் என்ன?

மருந்துச் சத்து எதுவுமில்லாத ஒரு மாத்திரையை "இது வலியைக் குறைக்கும்" என்று சொல்லிக் கொடுத்தால், சிலருக்கு வலி உண்மையாகவே குறைகிறது. இதையே தமிழில் மருந்துப்போலி விளைவு என்கிறோம். ஆங்கிலத்தில் வழங்கும் "பிளாசீபோ" என்ற பெயர் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. "நான் மகிழ்விப்பேன்" என்பது அதன் பொருள்.

இது வெறும் பிரமை என்று நினைப்பது தவறு. 1978ஆம் ஆண்டு லெவின், கோர்டன், பீல்ட்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், கடைவாய்ப் பல் அகற்றப்பட்டவர்களிடம் ஒரு பரிசோதனை செய்தனர். மருந்துப்போலியால் வலி குறைந்தவர்களுக்கு நலொக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தபோது வலி மீண்டும் கூடியது. நலொக்சோன் என்பது நமது உடலே சுரக்கும் வலிநீக்கிகளான எண்டோர்பின்களின் வேலையைத் தடுக்கும் மருந்து. அப்படியானால் "வலி குறையும்" என்ற எதிர்பார்ப்பே மூளையில் எண்டோர்பினைச் சுரக்கச் செய்திருக்க வேண்டும். எதிர்பார்ப்புக்கும் இரசாயனம் உண்டு என்பதற்கு இது ஒரு முக்கிய ஆதாரமாயிற்று.

நமது வீடுகளிலேயே இதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். சாதாரண நாளில் மதியச் சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்தினாலே தலை சுற்றுகிறது என்போம். ரமழானில் நிய்யத் வைத்துவிட்டால் அதே மதியவேளை பெரிய பசியில்லாமல் கடந்து போகிறது. வயிறு அதே வயிறுதான். இன்று மஃரிப் வரை சாப்பாடு இல்லை என்று மனம் முன்கூட்டியே அறிந்திருப்பதுதான் வேறுபாடு.

மாத்திரையைப் பரிசோதிப்பது எளிது. உண்மை மாத்திரையையும் வெறும் மாத்திரையையும் ஒரே நிறத்தில் செய்து, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எது எதுவென்று தெரியாமல் வைத்துவிடலாம். உடற்பயிற்சியில் அது முடியாது. ஓடுகிறவருக்குத் தாம் ஓடுவது தெரியும். "வெறும் ஓட்டம்" என்று ஒன்றைத் தயாரிக்க இயலாது. ஆகவே ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர். உழைப்பை அப்படியே விட்டுவிட்டு, அதைப் பற்றிச் சொல்லும் செய்தியை மட்டும் மாற்றிப் பார்த்தனர்.

ஹோட்டல் பணிப்பெண்கள்

இவ்வகை ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலியா கிரம், எலன் லாங்கர் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. ஏழு ஹோட்டல்களில் அறைகளைச் சுத்தம் செய்யும் 84 பெண்கள் அதில் பங்குபற்றினர். ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 15 அறைகளைச் சுத்தம் செய்வார். கட்டில் விரிப்பு மாற்றுவது, குளியலறை தேய்ப்பது, வண்டி தள்ளுவது என்று நாள் முழுதும் உடலுழைப்பு. இருந்தும் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தாம் ஒழுங்காக உடற்பயிற்சி செய்வதில்லை என்றே கூறினர்.

ஆய்வாளர்கள் சில ஹோட்டல்களில் மட்டும் பணிப்பெண்களுக்கு ஒரு செய்தியைச் சொன்னார்கள்: "நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சி. சுகாதார அதிகாரிகள் பரிந்துரைக்கும் அளவை நீங்கள் எட்டிவிட்டீர்கள்." எந்த வேலைக்கு எத்தனை கலோரி செலவாகிறது என்பதை எழுதி, அவர்கள் ஓய்வெடுக்கும் அறையிலும் ஒட்டிவைத்தார்கள். மற்ற ஹோட்டல்களில் உள்ளவர்களுக்கு இது சொல்லப்படவில்லை.

நான்கு வாரங்கள் கழித்து அளந்தபோது, செய்தி கேட்டவர்களின் நிறை சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோகிராம் குறைந்திருந்தது. குருதியமுக்கத்தின் மேல் அளவு சுமார் 10 புள்ளி இறங்கியிருந்தது. வேலையைக் கூட்டியதாகவோ சாப்பாட்டை மாற்றியதாகவோ அவர்கள் கூறவில்லை. செய்தி கேளாதவர்களிடம் இத்தகைய மாற்றம் இல்லை.

கேட்க ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் விஞ்ஞானம் படிக்கும் மாணவி ஆச்சரியப்பட்ட பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும். வேலையும் உணவும் மாறவில்லை என்று எப்படித் தெரியும்? அந்தப் பெண்களே சொன்னதால்தான் தெரியும். யாரும் பின்னால் சென்று அளக்கவில்லை. "இதுவும் பயிற்சிதான்" என்று தெரிந்ததும் அவர்கள் தம்மை அறியாமலே சற்று வேகமாகத் தேய்த்திருக்கலாம், மின்தூக்கியை விட்டுப் படியேறியிருக்கலாம், ஒரு கரண்டி சோறு குறைத்திருக்கலாம். மேலும் 2011இல் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடப் பராமரிப்புப் பணியாளர்களிடம் இதே கருத்தைச் சோதித்த வேறு ஆய்வாளர்களுக்கு அந்த நற்பலன் கிடைக்கவில்லை. ஆகவே ஹோட்டல் ஆய்வை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், நல்லதொரு கேள்வியாக எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

கொழுந்து மலையில் வைத்துப் பார்த்தால்

ஹோட்டல் பணிப்பெண்களைப் பற்றி வாசிக்கும் மலையகத்தவருக்குக் கொழுந்து பறிக்கும் பெண்களின் நினைவு வராமல் போகாது. காலையில் பெரட்டுக்குப் போய், இடுப்பில் படங்கு கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, சரிவில் ஏறியிறங்கி, நிறுக்கும் இடத்துக்குச் சுமந்து வந்து, மாலையில் வீடு திரும்பி விறகும் தண்ணீரும் பார்ப்பவர்கள் அவர்கள். அவர்களிடமும் போய் "உங்கள் வேலையே உடற்பயிற்சி" என்று சொல்லிவிட்டால் போதுமா?

முதலில் உடம்பின் கணக்கைப் பார்ப்போம். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 60 மீற்றர் உயரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பை 10 என்று எடுத்தால் 50 × 10 × 60 = 30,000 யூல் வேலை செய்யப்படுகிறது. தசை தான் செலவிடும் சக்தியில் ஏறத்தாழக் காற்பங்கையே வேலையாக மாற்றும். மிகுதி வெப்பமாகப் போகும். ஆகவே உடம்பு செலவிடுவது சுமார் 120,000 யூல், அதாவது கிட்டத்தட்ட 29 கலோரி. இரண்டு தேக்கரண்டி சீனியில் இருக்கும் சக்தியைவிடச் சற்றுக் குறைவு. ஏறியவர் இதைப் பயிற்சி என்று நம்பினாலும் நம்பாவிட்டாலும் இந்த 29 கலோரி செலவாகிவிடும். இதில் மனதுக்கு வேலையில்லை.

இரண்டாவது, வேலையில் செய்யும் உடலுழைப்பும் ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சியும் உடம்புக்கு ஒன்றல்ல. 2018இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 194,000 பேரின் தரவுகளைப் பார்த்த ஆய்வொன்று, கடும் உடலுழைப்புள்ள தொழில் செய்யும் ஆண்கள் முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு, அத்தகைய உழைப்பில்லாத தொழில் செய்வோரைவிட 18 சதவீதம் கூடியிருந்ததாகக் கண்டது. பெண்களிடம் அத்தகைய அதிகரிப்புக் காணப்படவில்லை. இதற்கு ஆய்வாளர்கள் கூறும் காரணங்கள் எளிதில் விளங்கக்கூடியவை. பயிற்சி செய்பவர் களைத்தால் நிறுத்தலாம், வேலை செய்பவர் நிறுத்த முடியாது. பயிற்சி அரை மணித்தியாலம், வேலை எட்டு மணித்தியாலம். பயிற்சிக்குப் பின் ஓய்வு உண்டு, வேலைக்குப் பின் மறுநாளும் வேலை.

மூன்றாவது சாப்பாடு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 17 சதவீதமாக இருக்க, தோட்டப்புறங்களில் சுமார் 32 சதவீதமாக இருந்தனர். சத்துக் குறைவான வீட்டில் எதிர்பார்ப்பு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அது இரும்புச் சத்தாகவோ புரதமாகவோ மாறாது.

ஆகவே "நம்பினால் போதும்" என்ற பேச்சை எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். உழைப்பவரிடம் "உங்களுக்கு நல்ல பயிற்சிதானே" என்று சொல்லி, அவருக்குச் சேர வேண்டிய ஓய்வையும் உணவையும் மருத்துவத்தையும் மறந்துவிடுவது நியாயமாகாது. அதேவேளை அவருடைய உழைப்பில் திறமையும் பலமும் இருக்கிறது என்று மதித்துச் சொல்வது வேறு. முன்னையது கடமையைத் தட்டிக்கழிப்பது. பின்னையது அவருக்குரிய மரியாதை.

மனம் எதை மாற்றுகிறது?

அப்படியானால் எதிர்பார்ப்பால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அது எந்த இடத்தில் உண்டு என்று பிரித்தறிய வேண்டும். 1993இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. ஆரோக்கியமான 48 இளையோர் பத்து வாரங்கள் ஒரே விதமான பயிற்சியைச் செய்தனர். அவர்களில் ஒரு பாதியினருக்கு மட்டும் "இப்பயிற்சி மனநலத்தையும் மேம்படுத்தும் வகையில் அமைக்கப்பட்டது" என்று சொல்லப்பட்டது. பத்து வாரத்தின் முடிவில் இரு பகுதியினருடைய உடற்றகுதியும் ஒரேயளவில் உயர்ந்திருந்தது. ஆனால் தன்மதிப்பு உயர்ந்தது செய்தி கேட்டவர்களிடம் மட்டுமே.

இதயமும் நுரையீரலும் யார் என்ன சொன்னார்கள் என்று பார்க்கவில்லை. ஓடிய ஓட்டத்துக்கு ஏற்பப் பலமடைந்தன. "நான் எப்படிப்பட்டவள்?" என்ற எண்ணம்தான் சொல்லுக்கு ஏற்ப மாறியது. மனநிலை, தன்மதிப்பு, களைப்பு, வலி ஆகியவற்றில் எதிர்பார்ப்பின் கை ஓங்கியிருக்கிறது. தசையின் பலம், மூச்சின் கொள்ளளவு ஆகியவற்றில் பயிற்சியின் கை ஓங்கியிருக்கிறது.

களைப்பு என்பது தசையில் மட்டும் பிறப்பதல்ல. இதயத் துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம், இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்ற மதிப்பீடு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே மூளை "களைப்பு" என்கிறது. ஹட்டன் வழியாகச் சென்று நல்லதண்ணியிலிருந்து ஏறும் சிவனொளிபாத மலையை, நாம் பாவா ஆதம் மலை என்றும் அழைக்கும் அந்த 2,243 மீற்றர் மலையை, நினைத்துப் பாருங்கள். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதாவும் அதில் ஏறினார். இன்றும் ஆயிரக்கணக்கான படிகளை முதியோர் பலர் ஏறிவிடுகின்றனர். வீட்டு மாடிப்படிக்கு அலுத்துக்கொள்பவரும் அங்கே ஏறுகிறார். போகும் இடத்தின் மதிப்பும், உடன் வருவோரின் "இன்னும் கொஞ்சம்தான்" என்ற சொல்லும் அவருடைய களைப்பை இலேசாக்குகின்றன. ஆனால் மறுநாள் முழங்கால் வலிக்கும். அது உடம்பின் கணக்கு.

களைப்பு இலேசானால் என்ன பயன் என்று கேட்கலாம். இலேசாக உணர்பவர் நாளையும் நடப்பார். நாளையும் நடப்பவருக்குத்தான் ஆறு மாதத்தில் உடம்பு மாறும். ஆகவே மனதின் கணக்கு நேராக உடம்பில் எழுதப்படாவிட்டாலும், தொடர்ந்து செய்யும் பழக்கத்தின் வழியாக ஒருநாள் உடம்பிலும் வந்து சேர்கிறது.

தீய சொல்லும் வேலை செய்யும்

நல்ல எதிர்பார்ப்பு உதவுவது போலவே தீய எதிர்பார்ப்பு கெடுக்கும். இதற்கு "நொசீபோ" என்று பெயர். "நான் தீங்கு செய்வேன்" என்பது அதன் பொருள். 2019இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஓட்ட இயந்திரத்தில் ஓடினர். பின்னர் அவர்களுடைய பரம்பரையலகுப் பரிசோதனை முடிவு என்று ஒரு தாள் கொடுக்கப்பட்டது. சிலரிடம் "உங்கள் பரம்பரையலகு உடற்பயிற்சிக்கு ஏற்றது" என்றும், சிலரிடம் "ஏற்றதல்ல" என்றும் சொன்னார்கள். இதை அவர்களுடைய உண்மையான முடிவைப் பார்த்துச் சொல்லவில்லை, குலுக்கல் முறையில் சொன்னார்கள். மறுபடி ஓடவிட்டபோது "ஏற்றதல்ல" என்று கேட்டவர்கள் முன்னையதைவிட விரைவாக நிறுத்திக்கொண்டனர். அவர்களுடைய சுவாச அளவீடுகளும் குறைந்திருந்தன. ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் உண்மை விளக்கப்பட்டது.

ஒரு வாரத்துக்கு முன் அதே கால்களால் ஓடியவர்கள், ஒரு தாளில் இருந்த சொல்லால் பின்தங்கினார்கள். நமது வீடுகளில் தாள் தேவையில்லை. "இவள் சின்ன வயதிலிருந்தே பெலவீனம்", "நம்ம குடும்பத்தில் எல்லோருக்கும் உடம்பு இப்படித்தான்", "பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு ஓட்டமும் பாய்ச்சலும்?" என்ற பேச்சுகள் அன்போடுதான் சொல்லப்படுகின்றன. ஆனால் பத்து வருடம் அதைக் கேட்டு வளரும் பிள்ளை, ஏறும் முன்பே களைத்துவிடுகிறாள்.

பிறரோடு ஒப்பிடுவதும் இவ்வகையானதே. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 61,141 அமெரிக்கர்களின் தரவுகளை ஆராய்ந்தது. அவர்களில் சிலர் 21 ஆண்டுகள் வரை அவதானிக்கப்பட்டவர்கள். ஒரேயளவு உடலியக்கம் உள்ளவர்களிலும் "நான் மற்றவர்களைவிடக் குறைவாகவே இயங்குகிறேன்" என்று நினைத்தவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு 71 சதவீதம் வரை கூடியிருந்தது. எண்ணமே உயிரைக் குறைத்தது என்று இதிலிருந்து முடிவு செய்ய முடியாது. உள்ளூர நோயிருந்தவர்கள் அப்படி நினைத்திருக்கவும் கூடும். ஆனாலும் தன்னைத் தாழ்த்தி ஒப்பிடும் பழக்கம் நல்ல அடையாளமல்ல என்பதை இது உணர்த்துகிறது.

நாம் செய்யக்கூடியது

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும் உடலை இயக்க வேண்டும் என்கிறது. நடை, வீட்டு வேலை, விளையாட்டு எல்லாம் அதில் சேரும். ஆனால் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணிப்பின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையான பெண்பிள்ளைகளில் 85 சதவீதத்தினர் போதிய அளவு இயங்குவதில்லை. ஆண்பிள்ளைகளில் இது 78 சதவீதம். உயர்தரம் படிக்கத் தொடங்கியதும் நமது நாள் பாடசாலை, மேலதிக வகுப்பு, மேசை என்று சுருங்கிவிடுகிறது. "பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று இரண்டு வருடம் போய்விடுகிறது.

தோழிகளே, முதலில் செய்வதைக் கணக்கில் எடுங்கள். பாடசாலைக்கு ஏறும் படியும், கடைக்குப் போய்வரும் நடையும், வீடு கூட்டுவதும் உடலியக்கம்தான். ஒரு கொப்பியில் ஒரு வாரம் நிமிடங்களை எழுதிப் பாருங்கள். நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாக இருந்தால் "நான் ஒன்றும் செய்வதில்லை" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். குறைவாக இருந்தால் நம்பிக்கையால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. பத்து நிமிடம் கூட்டி நடந்துதான் நிரப்ப வேண்டும். மனதை ஏமாற்றுவது நோக்கமல்ல. உண்மையைச் சரியாக அறிவதுதான் நோக்கம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகள் அஸருக்குப் பிறகு உம்மாவோடோ ராத்தாவோடோ அரை மணித்தியாலம் நடக்கட்டும். அது படிப்பில் திருடிய நேரமல்ல. மூச்சு வாங்கினால் "உன்னால் முடியாது" என்பதற்குப் பதிலாக, "மூச்சு வாங்குவது உடம்பு பழகுவதற்கு அடையாளம், மெதுவாகப் போவோம்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. ஆனால் நெஞ்சு வலி, மயக்கம், அளவுக்கு மீறிய களைப்பு இருந்தால் சொல்லால் ஆற்றாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நமது பெண்பிள்ளைகள் பலருக்கு இருக்கும் இரத்தச்சோகை, சோம்பல் என்ற பெயரில் மறைந்து கிடக்கலாம்.

உடம்பின் கணக்கை உழைப்பு எழுதுகிறது. மனதின் கணக்கை நாம் நமக்கும் பிறருக்கும் சொல்லும் சொல் எழுதுகிறது. காலையில் பாடசாலைக்குப் படியேறும் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். வீட்டில் ஒரு முட்டையும் கீரையும் கொடுத்து, "உன்னால் ஏற முடியும்" என்றும் சொல்லி அனுப்பினால், இரண்டு கணக்கும் ஒருங்கே நிறையும்.